இடது மடல் இல்லாமல் வந்த பேச்சு

அமெரிக்கப் பெண் ஒருவருக்கு இருபதுகளில் வேறு ஏதோ காரணத்துக்காகத் தலையில் ஸ்கேன் எடுத்தார்கள். படத்தைப் பார்த்த மருத்துவர்களுக்குத் திகைப்பு. இடது காதுக்கு உள்ளே, பொட்டு மடல் இருக்க வேண்டிய இடத்தில் மூளைத் திசுவே இல்லை. அந்தப் பள்ளம் முழுவதும் மூளையைச் சூழ்ந்திருக்கும் நீர் நிறைந்திருந்தது. காதில் விழும் சொல்லுக்குப் பொருள் காணும் இடம் என்று பாடப்புத்தகங்கள் காட்டுவது அந்த மடலைத்தான். அது இல்லாதவர் பேச்சில் தடுமாற வேண்டும். சொல்வளம் குன்றியிருக்க வேண்டும். அவரோ பட்டமேற்படிப்பு முடித்தவர். வளர்ந்த பிறகு ரஷ்ய மொழியைக் கற்றுச் சரளமாகப் பேசுபவர். சொல்வளத் தேர்வில் நூற்றில் 98 பேரை முந்துகிற மதிப்பெண் அவருக்கு.

ஆய்வறிக்கைகள் அவரை இ.ஜி. என்ற இரண்டு எழுத்துகளால் மட்டும் குறிக்கின்றன. பிறப்பதற்கு முன்போ, பிறந்து சில மாதங்களுக்குள்ளோ ஏற்பட்ட பக்கவாதம் அந்த மடலை அழித்திருக்கலாம் என்பது ஊகம். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் மொழிக்கும் மூளைக்கும் உள்ள தொடர்பை ஆராயும் எவெலினா ஃபெடரென்கோவின் குழு அவரை ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்து, வாக்கியங்களைக் கொடுத்து, மூளையில் எந்தெந்த இடம் வேலை செய்கிறது என்று பார்த்தது. பெரும்பாலோருக்கு இடப்பக்கம் நடக்கும் மொழி வேலை இவருக்கு வலப்பக்கம் நடந்துகொண்டிருந்தது. இதுவரை ஆச்சரியமில்லை. குழந்தைப் பருவத்திலேயே இடப்பக்கம் சேதமானவர்களுக்கு வலப்பக்கம் மொழியை ஏற்றுக்கொள்ளும் என்பது முன்பே தெரிந்ததுதான்.

2022-இல் வெளியான அந்த ஆய்வில் என்னை நிறுத்திவைத்த செய்தி வேறு. இவருக்கு இடது பொட்டு மடல்தான் இல்லை. இடது முன்மடல் அப்படியே இருக்கிறது. பேச்சின் இடம் என்று ஒன்றரை நூற்றாண்டாகச் சொல்லப்பட்டுவரும் ப்ரோக்கா பகுதி அங்கேதான் இருக்கிறது. ஆனால் வாக்கியங்களைக் கொடுத்தபோது அந்தப் பகுதி அசையவில்லை. கவனத்தைக் குவிக்க வேண்டிய வேறு கடினமான வேலைகளைக் கொடுத்ததும் அதே இடது முன்மடல் சுறுசுறுப்பாக இயங்கியது. அதாவது திசுவில் குறையில்லை, சிந்திக்கும் திறனிலும் குறையில்லை. மொழி என்ற வேலை மட்டும் அதற்கு வந்து சேரவில்லை. பின்னாலிருந்து சொற்களை அனுப்ப வேண்டிய கூட்டாளி அங்கே இல்லை. அனுப்ப ஆளில்லாத இடத்தில் வாங்கும் ஆளும் உருவாகவில்லை.

மூளையின் அமைப்பில் தெரியும் வேறுபாட்டுக்கும் அதன் செயலுக்கும் என்ன உறவு என்று கேட்டால், பெரும்பாலும் வரைபடத்தை விரித்துக் காட்டுவார்கள். இது பார்வைக்கு, இது பேச்சுக்கு, இது நினைவுக்கு. அந்த வரைபடம் பொய்யில்லை. ஆனால் ஒவ்வோர் இடமும் தன் வேலையை எங்கிருந்து பெற்றது, எந்த வயதில் பெற்றது என்ற இரண்டு கேள்விகளையும் அது விட்டுவிடுகிறது. இ.ஜி.யின் படத்துக்குப் பொருள் சொல்ல அந்த இரண்டும் இல்லாமல் முடியாது.

அந்த வரைபடம் தொடங்கிய இடத்துக்கே ஒருமுறை போய்வரலாம். பாரிஸுக்கு அருகே பிசேத்ர் மருத்துவமனையில் லெபோர்ஞ் என்றொருவர் 21 ஆண்டுகள் இருந்தார். பிறர் பேசுவது அவருக்குப் புரியும். தன் வாயிலிருந்து ‘டான்’ என்ற ஓரசைதான் வரும். அதையே இரண்டு முறை சொல்வார். கோபம் வந்தால் ஒரு வசைச்சொல் வரும். மருத்துவமனையில் அவர் பெயரே டான் ஆகிவிட்டது. 1861 ஏப்ரலில் அவர் இறந்ததும் அறுவை மருத்துவர் பால் ப்ரோக்கா மூளையை எடுத்துப் பார்த்தார். இடது முன்மடலின் கீழ்ப்பகுதியில் காயம். பேச்சுக்கு மூளையில் ஓர் இடம் உண்டு என்று அறிவியல் உலகம் ஏற்றுக்கொள்ளத் தொடங்கியது அந்தக் காயத்திலிருந்துதான்.

ப்ரோக்கா அந்த மூளையை அறுத்துத் துண்டு போடாமல் முழுதாகவே சாராயத்தில் பாதுகாத்துவைத்தார். அந்த முடிவுக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். 2007-இல் நினா ட்ரோங்கர்ஸ் குழு அதை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தபோது, மேலே தெரிந்த காயத்தைவிட உள்ளே இருந்த சேதம் மிகப் பெரிதாக இருந்தது. முன்மடலையும் பின்பகுதிகளையும் இணைக்கும் நீண்ட நரம்பிழைக் கற்றையும் சிதைந்திருந்தது. லெபோர்ஞ் பேச்சை இழந்ததற்கு மேலே இருந்த அந்தச் சிறு பரப்பு மட்டும் காரணமில்லை. அறுந்துபோன தொடர்புகளுக்கும் அதில் பெரும் பங்குண்டு. வரைபடத்தின் முதல் புள்ளியே உண்மையில் ஒரு பாதையின் கதையாக இருந்திருக்கிறது.

மூளை வெட்டப்பட்ட நிலையில் வெளியே சாம்பல் நிறத்திலும் உள்ளே வெள்ளையாகவும் தெரியும். சாம்பல் நிறப் பட்டையில் நரம்பணுக்களின் உடல்கள் இருக்கின்றன. வெள்ளைப் பகுதி அவற்றின் நீண்ட இழைகள்; கொழுப்புறை போர்த்தியிருப்பதால் வெளுப்பாகத் தெரிகின்றன. மனித மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள். ஒரு நரம்பணுவைத் தனியே எடுத்துப் பார்த்தால் அது பார்ப்பதற்கானதா, கேட்பதற்கானதா என்று சொல்வது அரிது. அதற்குள் என்ன வருகிறது, அதிலிருந்து எங்கே போகிறது என்று தெரிந்தால் சொல்லிவிடலாம்.

இதைச் சோதித்தே பார்த்தவர் இந்தியாவில் பிறந்து எம்.ஐ.டி.யில் பணியாற்றும் மிருகாங்கா சுர். கீரியைப் போல நீண்ட உடல்கொண்ட ஃபெரெட் என்னும் சிறு விலங்கின் குட்டிகளில், கண்ணிலிருந்து புறப்படும் நரம்பிழைகளை ஒலியைக் கேட்கும் பாதைக்குத் திருப்பிவிட்டார்கள். கேட்பதற்கென்று இருந்த மூளைப் பரப்புக்குப் பிறந்தது முதல் ஒளியின் செய்தி மட்டுமே வந்துகொண்டிருந்தது. குட்டிகள் வளர்ந்த பிறகு அந்தப் பரப்பைத் திறந்து பார்த்தால், சாய்கோடு, நேர்கோடு என்று கோட்டின் திசையைப் பிரித்தறியும் நரம்பணுக்கள் அங்கே குழுக்குழுவாக அமைந்திருந்தன. அது பார்வைப் பரப்பின் அடையாளம். விலங்குகளும் அந்தப் பாதையில் வந்த ஒளியைப் பார்வையாகவே உணர்ந்து நடந்துகொண்டன. 2000-ஆம் ஆண்டு நேச்சர் இதழில் வந்த ஆய்வுகள் இவை. ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்: அந்தப் புதிய பார்வைப் பரப்பு அசல் பரப்பைப்போல ஒழுங்காக இல்லை, பார்வையின் கூர்மையும் குறைவு. வந்து சேரும் செய்தி வேலையைத் தீர்மானித்தது என்றாலும், அந்த இடத்தின் பிறவிச் சாயல் முழுதாக அழிந்துவிடவில்லை.

மனிதர்களிடம் இதே பாடத்தைக் கற்பித்தவர்கள் பார்வையற்றவர்கள். சிறுவயதிலேயே பார்வை இழந்து விரலால் பிரெய்ல் படிப்பவர்களுக்கு, படிக்கும்போது பிடரி மடல், அதாவது பார்வைக்குரிய பகுதி, வேலை செய்கிறது என்று 1996-இல் நோரிஹிரோ சடாட்டோவும் உடனிருந்தோரும் காட்டினார்கள். அது சும்மா ஒளிர்கிறதா, உண்மையிலேயே படிக்க உதவுகிறதா என்ற சந்தேகம் அப்போது இருந்தது. நான்கு ஆண்டுகள் கழித்து வந்த ஒரு நோயாளியின் வரலாறு அதற்கு விடை சொன்னது. பிறவியிலேயே பார்வையில்லாத ஒரு பெண். வாழ்நாளெல்லாம் பிரெய்ல் படித்தவர். இரு பக்கப் பிடரி மடலிலும் பக்கவாதம் தாக்கியது. கண் தெரிந்தவராக இருந்திருந்தால் அன்று பார்வை போயிருக்கும். அவருக்குப் போனது பிரெய்ல் படிக்கும் திறன். விரலுக்குத் தொடுவுணர்வு இருந்தது, புள்ளிகள் தட்டுப்பட்டன, எழுத்தாகச் சேரவில்லை. இந்த ஒரு வரலாற்றை நான் பலமுறை படித்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் புத்தகத்தை மூடிவைத்துச் சற்று நேரம் சும்மா இருந்திருக்கிறேன். உலகின் எல்லாப் பாடநூல்களிலும் பார்வை என்று பெயரிட்டிருக்கும் திசு, ஒருவருடைய விரல்நுனிக்காக அறுபது ஆண்டுகள் உழைத்திருக்கிறது.

கண் தெரிந்தவர்கள் படிப்பதும் இதற்குச் சளைத்த அதிசயமில்லை. எழுத்து கண்டுபிடிக்கப்பட்டு ஐயாயிரம் ஆண்டுகளுக்குச் சற்று மேல் ஆகிறது. எழுத்தைப் படிக்கவென்று ஓர் உறுப்பை உருவாக்கப் பரிணாமத்துக்கு அந்த அவகாசம் போதாது. ஆனாலும் படிக்கத் தெரிந்தவர்களில் பெரும்பாலோருக்கு மூளையின் அடிப்புறத்தில், இடது பக்கம், கிட்டத்தட்ட ஒரே இடத்தில் எழுத்துக்கென்று ஒரு பகுதி அமைந்துவிடுகிறது. வெவ்வேறு எழுத்துமுறைகளைப் படிப்பவர்களிடமும் இடம் பெரிதாக மாறுவதில்லை. ஏன் அதே இடம்? ஸெய்னெப் சைகின் குழு ஐந்து வயதில், படிக்கத் தெரியாத நிலையில் குழந்தைகளை ஸ்கேன் செய்தது. எட்டு வயதில் மறுபடி செய்தது. ஐந்து வயதில் எழுத்துக்கென்று எந்தப் பகுதியும் இல்லை. ஆனால் அந்த வயதில் ஓடிக்கொண்டிருந்த நரம்பிழைகளின் போக்கை வைத்தே, எட்டு வயதில் எழுத்துப் பகுதி எந்த இடத்தில் உருவாகும் என்று கணித்துவிட முடிந்தது. இழை முதலில், வேலை பிறகு. ‘அ’ என்ற வடிவத்தை நாம் அடையாளம் காணும் இடம், நாம் சிலேட்டைத் தொடுவதற்கு முன்பே தொடர்புகளால் ஒதுக்கப்பட்டிருந்தது என்பது இதன் பொருள். ஒதுக்கப்பட்டிருந்தாலும் யாரும் சொல்லித்தராவிட்டால் அது எழுத்துப் பகுதி ஆகாது.

இனி வயது பற்றிய கேள்விக்கு வருவோம். இ.ஜி.க்கு வாய்த்தது லெபோர்ஞுக்கு ஏன் வாய்க்கவில்லை? சிறு குழந்தைகள் பேச்சைக் கேட்கும்போது மூளையின் இரு பக்கமும் கணிசமாக வேலை செய்கின்றன. வயது ஏற ஏற வலப்பக்கத்தின் பங்கு குறைந்து இடப்பக்கம் மொழியைத் தன்வசமாக்கிக்கொள்கிறது. பிறந்த சமயத்தில் இடப்பக்கம் பக்கவாதம் வந்த பிள்ளைகள் வளர்ந்த பிறகு வலப்பக்கத்தில், அதே இடத்துக்கு நேர் எதிரே, மொழியை நல்லபடியாக நடத்துவதை எலிசா நியூபோர்ட் குழுவின் ஆய்வு காட்டியது. அப்போது அந்தக் கதவு இன்னும் திறந்திருந்தது. இதற்கு ஒரு விலையும் உண்டு. வலப்பக்கம் வழக்கமாகச் செய்யும் வேலைகள், குறிப்பாக வடிவங்களையும் இடங்களையும் மனத்துக்குள் திருப்பிப் பார்க்கும் திறன், சிலரிடம் சற்றுக் குறைந்துவிடுகிறது. இரண்டு குடும்பம் ஒரு வீட்டில் வாழ்ந்தால் வரும் இடநெருக்கடிதான்.

முப்பது வயதில் அதே காயம் வந்தால் கதை வேறு. வளர்ந்த மூளை தன் பாதைகளைப் போட்டு முடித்துவிட்டது. வளர்ந்தவர்களின் மூளையும் இஷ்டத்துக்குத் தன்னை மாற்றி எழுதிக்கொள்ளும் என்ற நம்பிக்கை கடந்த முப்பது ஆண்டுகளில் நிறையப் பரவியிருக்கிறது. அதில் நம்மவர் ஒருவரின் பங்கும் உண்டு. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ்.ராமச்சந்திரன், கை துண்டிக்கப்பட்டவர்களின் கன்னத்தைத் தொட்டபோது, இல்லாத கையின் விரல்களைத் தொட்டதுபோல் அவர்கள் உணர்வதைக் கண்டார். மூளையின் தொடுவுணர்வு வரைபடத்தில் கைக்குப் பக்கத்து இடம் முகம். காலியான கையின் இடத்துக்குள் முகம் புகுந்துவிட்டது என்று அவர் விளக்கினார். எளிமையும் அழகும் கொண்ட அந்த விளக்கம் பாடப்புத்தகம்வரை போனது.

2025-இல் ஹன்டர் ஷோன், டாமர் மேக்கின் உள்ளிட்டோர் அந்த விளக்கத்தை நேரடியாகச் சோதித்த முடிவை வெளியிட்டார்கள். மருத்துவக் காரணத்துக்காகக் கை எடுக்கப்படவிருந்த மூன்று பேரை, அறுவைக்கு முன்பும் பின்பும் பலமுறை ஸ்கேன் செய்தார்கள். கை போன பிறகு, விரலை அசைப்பதாக நினைக்கச் சொன்னால், மூளையில் அந்த விரலின் இடம் முன்புபோலவே விழித்தது. உதட்டின் இடம் எல்லை தாண்டவில்லை. ராமச்சந்திரன் கண்ட உணர்வு உண்மை. அதை அனுபவித்தவர்களின் வேதனையும் உண்மை. வரைபடம் பெரிதாக மாறிவிட்டது என்ற விளக்கத்தைத்தான் இப்போது திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. வளர்ந்த மூளையின் அடிப்படை அமைப்பு நாம் நினைத்ததைவிடப் பிடிவாதமானது.

அதனால்தான் பெரியவர்களுக்கு வரும் பக்கவாதத்தில் நேரம் அவ்வளவு முக்கியம். பெரிய ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டால் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் சாகின்றன என்று ஒரு கணக்கு உண்டு. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நான்கரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். ஒருவருக்குத் திடீரென்று வாய் கோணினால், ஒரு கை துவண்டால், பேச்சு குழறினால், பித்தம் என்றோ களைப்பு என்றோ சொல்லிக் காலைவரை காத்திருக்காதீர்கள். இ.ஜி.யின் மூளைக்கு மாற்றுப்பாதை போட ஆண்டுக்கணக்கில் அவகாசம் இருந்தது. ஐம்பது வயதுக்காரரின் மூளைக்கு இருப்பது சில மணி நேரம்.

அப்படியென்றால் வளர்ந்தவர்களின் மூளையில் எதுவும் மாறாதா? மாறும். எவ்வளவு, எந்த வகையில் என்பதற்கு லண்டன் டாக்ஸி ஓட்டுநர்களைவிட நல்ல சான்று இல்லை. அங்கே கறுப்பு டாக்ஸி ஓட்ட உரிமம் வேண்டுமென்றால் ‘தி நாலெட்ஜ்’ என்ற தேர்வில் தேற வேண்டும். சேரிங் கிராஸை மையமாக வைத்து ஆறு மைல் ஆரத்துக்குள் இருக்கும் சுமார் 25,000 தெருக்கள் தலைக்குள் இருக்க வேண்டும். எந்த இரண்டு இடத்தைச் சொன்னாலும் தெருத்தெருவாகப் பாதையை வாயால் ஒப்பிக்க வேண்டும். படிக்க மூன்று, நான்கு ஆண்டுகள் ஆகும். மொபெட்டில் ஊரைச் சுற்றிச் சுற்றி மனப்பாடம் செய்கிறவர்கள் அவர்கள்.

யூனிவர்சிட்டி காலேஜ் லண்டனின் எலனோர் மக்வயர் 2000-ஆம் ஆண்டில் 16 ஓட்டுநர்களின் மூளையை மற்றவர்களுடையதோடு ஒப்பிட்டார். நினைவுக்கும் இடமறிதலுக்கும் உரிய ஹிப்போகாம்பஸின் பின்பகுதி ஓட்டுநர்களுக்குப் பெரிதாக இருந்தது. தொழிலில் ஆண்டுகள் கூடக்கூட அளவும் கூடியிருந்தது. கேள்விகள் உடனே எழுந்தன. வண்டி ஓட்டுவதாலேயே அப்படி ஆகிறதா? அதற்கு அவர் குறிப்பிட்ட தடத்திலேயே தினமும் ஓட்டும் லண்டன் பேருந்து ஓட்டுநர்களைக் கொண்டுவந்தார். அதே நகரம், அதே நெரிசல், அதே அலுப்பு. ஆனால் அவர்களிடம் அந்த வேறுபாடு இல்லை. பிறவியிலேயே பெரிய ஹிப்போகாம்பஸ் உள்ளவர்கள்தான் இந்தத் தொழிலுக்கு வருகிறார்களா? அதற்குப் பதில் சொல்லப் பல ஆண்டுகள் ஆயின. பயிற்சி தொடங்கும்போதே 79 பேரை ஸ்கேன் செய்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். அவர்களில் 39 பேர் தேறினார்கள். தொடக்கத்தில் தேறியவர்களுக்கும் தேறாதவர்களுக்கும் வேறுபாடில்லை. முடிவில் தேறியவர்களின் ஹிப்போகாம்பஸின் பின்பகுதியில் மட்டும் சாம்பல் நிறப்பொருள் கூடியிருந்தது. 2011-இல் வந்த இந்த முடிவு, முதல் ஆய்வைவிட எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. வேறுபாடு இருக்கிறது என்று சொல்வது ஒன்று. எது முன்னே, எது பின்னே என்று காட்டுவது வேறு.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் விட்டுவிடும் பகுதி ஒன்று உண்டு. ஓட்டுநர்களுக்கு ஹிப்போகாம்பஸின் முன்பகுதி மற்றவர்களுடையதைவிடச் சிறியது. சிக்கலான ஒரு கோட்டுப் படத்தைப் பார்த்து வரைந்து, சிறிது நேரம் கழித்து நினைவிலிருந்து மறுபடி வரையும் சோதனையில் அவர்கள் பின்தங்கினார்கள். ஒரு பக்கம் கூடினால் மறுபக்கம் குறைகிறது. மூளை பலூன் இல்லை.

‘சாம்பல் நிறப்பொருள் கூடியது’ என்பதையும் நிதானமாகப் படிக்க வேண்டும். எம்.ஆர்.ஐ. படத்தின் ஒரு புள்ளி சுமார் ஒரு கன மில்லிமீட்டர். அந்த அளவு மனித மூளைத் துணுக்கு ஒன்றை ஹார்வர்டு, கூகுள் ஆய்வாளர்கள் மின்னணு நுண்ணோக்கியில் முழுதாகப் படமெடுத்து 2024-இல் வெளியிட்டபோது, அதற்குள் சுமார் 57,000 செல்களும் 15 கோடி நரம்பிணைப்புகளும் இருந்தன. ஒரு புள்ளியின் நிறம் சற்று மாறினால் அதற்குக் காரணம் புதிய இணைப்புகளாக இருக்கலாம், நரம்பணுக்களுக்குத் துணையிருக்கும் கிளியா செல்களாக இருக்கலாம், நுண்ணிய ரத்தக்குழாய்களாகவும் இருக்கலாம். விமானத்திலிருந்து பார்த்து ஓர் ஊர் பெரிதாகிவிட்டது என்று சொல்லலாம். வீடு கூடியதா, தோப்பு கூடியதா என்று சொல்ல இறங்கி வர வேண்டும்.

அளவைப் பற்றிய பேச்சில்தான் மிக அதிகமான தவறுகள் நடந்திருக்கின்றன. ரஷ்ய எழுத்தாளர் துர்கனேவின் மூளை 2 கிலோவைத் தாண்டியது. நோபல் பரிசு பெற்ற பிரெஞ்சு எழுத்தாளர் அனதோல் பிரான்ஸின் மூளை 1 கிலோவைச் சற்றே தாண்டியது. ஐன்ஸ்டைனின் மூளை 1,230 கிராம். சராசரி ஆணின் மூளையைவிடக் குறைவு. 1955-இல் அவர் இறந்ததும் அதை எடுத்து 240 துண்டுகளாக்கி வைத்தார் தாமஸ் ஹார்வி. மேதைமை எங்கே இருந்தது என்று தேடிய ஆய்வுகள் பல வந்தன. ஒரே ஒரு மூளையில் எதைத் தேடினாலும் ஏதோ ஒரு வேறுபாடு கிடைக்கும். அது மேதைமைக்குக் காரணமா என்று சொல்ல அந்த ஒன்று போதாது. ஆப்பிரிக்க யானையின் மூளையில் சுமார் 25,700 கோடி நரம்பணுக்கள், நம்முடையதைப்போல மூன்று மடங்கு. ஆனால் அவற்றில் நூற்றுக்கு 98 சிறுமூளையில் இருக்கின்றன. எத்தனை என்பதைவிட எங்கே, எதனோடு சேர்ந்து என்பதே பேசுகிறது.

மூளையின் அளவுக்கும் அறிவுத்திறன் மதிப்பெண்ணுக்கும் தொடர்பே இல்லையா என்றால், சிறிது உண்டு. 8,000-க்கும் மேற்பட்டோரின் தரவுகளைத் தொகுத்து 2015-இல் வந்த ஆய்வில் அந்தத் தொடர்பின் அளவு 0.24. மக்களிடையே மதிப்பெண்ணில் காணும் ஏற்றத்தாழ்வில் நூற்றுக்கு ஆறு பங்கைத்தான் அது விளக்கும் என்று இதற்குப் பொருள். தனி ஒருவரின் மூளையை அளந்து அவர் எப்படிப்பட்டவர் என்று சொல்ல இது உதவாது. 2022-இல் ஸ்காட் மாரெக் குழு சுமார் 50,000 பேரின் ஸ்கேன்களை வைத்து இன்னும் கசப்பான ஒன்றைக் காட்டியது. மூளையின் சிறு வேறுபாடுகளையும் மனிதர்களின் திறன்களையும் இணைக்கும் தொடர்புகள் பெரும்பாலும் மிக மெலிந்தவை. அவற்றை நம்பகமாகக் காண ஆயிரக்கணக்கானோர் வேண்டும். இருபது, முப்பது பேரை மட்டும் ஸ்கேன் செய்து, “கூச்ச சுபாவம் உள்ளவர்களின் மூளை இப்படி” என்பதுபோல் வந்த முடிவுகளில் பல மறுமுறை பார்த்தால் கிடைக்காது. டாக்ஸி ஆய்வு சிறியதாக இருந்தும் நிலைத்து நின்றதற்குக் காரணம், ஒரே ஆட்களைப் பயிற்சிக்கு முன்னும் பின்னும் அளந்ததுதான்.

நம் ஊரில் இதைச் சொல்லியாக வேண்டியிருக்கிறது. குழந்தையின் கைரேகையைப் பதிவுசெய்து அதன் மூளையில் எந்த மடல் எத்தனை சதவீதம் என்று அச்சிட்டுத் தருகிறார்கள். எந்தப் பாடப்பிரிவில் சேர்க்கலாம் என்று அதை வைத்துப் பெற்றோர் முடிவெடுக்கிறார்கள். ரேகைக்கும் மடலின் திறனுக்கும் அப்படியொரு தொடர்பு நிறுவப்படவில்லை. மூளையையே நேரில் படமெடுத்துச் சொல்ல முடியாததை விரலைப் பார்த்து எப்படிச் சொல்வது? ‘மிட் பிரைன் ஆக்டிவேஷன்’ என்ற பெயரில் கண்ணைக் கட்டிவிட்டு எழுத்தைப் படிக்கப் பயிற்சி தருவதாகவும் வகுப்புகள் நடந்தன. நடுமூளையை யாரும் வந்து எழுப்ப வேண்டியதில்லை. கண்ணின் அசைவையும் விழிப்பையும் கவனித்துக்கொண்டு அது பிறவி முதல் இயங்குகிறது. கட்டப்பட்ட துணிக்கும் மூக்குக்கும் இடையே உள்ள இடுக்கு வழியாகப் படிக்கும் பிள்ளைக்கு அந்த வகுப்பு உண்மையில் கற்றுத்தருவது என்ன என்பதை நினைத்தால் வயிறு எரிகிறது.

உருப்படியான வேலையும் இதே மண்ணில் நடக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை ஆய்வு மையம் 2024 டிசம்பரில் ‘தரணி’ என்ற பெயரில் ஒரு தொகுப்பை வெளியிட்டது. கருவிலிருக்கும் சிசுவின் மூளையை, கர்ப்பத்தின் நடுப்பகுதி மாதங்களுக்குரிய நிலைகளில், செல்கள் தெரியும் நுண்மையோடு 5,132 சீவல்களாகப் படமெடுத்த முப்பரிமாண வரைபடம் அது. உலகில் யார் வேண்டுமானாலும் கட்டணமின்றிப் பார்க்கலாம். நரம்பணுக்கள் பிறந்த இடத்திலிருந்து நகர்ந்து தத்தம் அடுக்கில் போய் அமரும் காலம் அது. நீண்ட இழைகள் புறப்பட்டுக்கொண்டிருக்கும் காலமும்கூட. இ.ஜி.யின் வலப்பக்கம் எப்படி மொழியை ஏற்றது, பேச்சு தாமதமாகும் ஒரு பிள்ளையின் மூளையில் எது வேறுபட்டுத் தொடங்கியது என்ற கேள்விகளின் வேர் அந்த மாதங்களில் இருக்கிறது. முடிந்த கட்டடத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு அஸ்திவாரம் போடும் நாட்களின் படம் கிடைத்திருக்கிறது.

கடைசியாக, உங்கள் கையிலோ உங்கள் அம்மாவின் கையிலோ இருக்கக்கூடிய ஒரு காகிதத்தைப் பற்றி. தலைவலிக்காக எடுத்த எம்.ஆர்.ஐ. அறிக்கையில் ‘அரக்னாய்டு சிஸ்ட்’ என்று இருக்கும். பிறவியிலிருந்தே இருக்கும் நீர்ப்பை அது, பெரும்பாலானவை எந்தத் தொல்லையும் தராமல் தற்செயலாகக் கண்ணில் படுபவை. மூளைக்குள் இடமும் வலமுமாக இருக்கும் இரண்டு பக்க நீரறைகளில் ஒன்று சற்றுப் பெரிது என்று இருக்கும். அது பலருக்கும் அப்படித்தான். எழுபது வயதைத் தாண்டியவருக்கு ‘ஏஜ் ரிலேட்டட் அட்ரோஃபி’ என்று இருக்கும், வயதுக்கேற்ற சுருக்கம். படத்தில் தெரிவதும் ஆள் இயங்குவதும் எவ்வளவு தூரம் விலகிப்போக முடியும் என்பதற்கு அமெரிக்கக் கன்னியாஸ்திரிகளிடம் டேவிட் ஸ்னோடன் 1986-இல் தொடங்கிய ஆய்வு சான்று. 678 பேர் அதில் பங்கேற்றார்கள். இறந்த பிறகு மூளையைத் தர ஒப்புக்கொண்டார்கள். சிஸ்டர் மேரி என்று குறிப்பிடப்படும் ஒருவர் நூறு வயதைக் கடந்தும் நினைவுச் சோதனைகளில் நன்றாகச் செய்தவர். அவருடைய மூளையைத் திறந்து பார்த்தபோது அல்ஸைமர் நோயின் படிவுகள் ஏராளமாக இருந்தன.

அந்த அறிக்கையின் அடியில், பெரும்பாலும் யாரும் படிக்காத ஒரு வரி இருக்கும்: ‘கிளினிக்கல் கோரிலேஷன் சஜெஸ்டட்’. கண்ட அமைப்பை எழுதிவிட்டேன், அது இந்த ஆளின் பேச்சோடும் நடையோடும் நினைவோடும் பொருந்துகிறதா என்று நேரில் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஸ்கேன் மருத்துவர் நரம்பியல் மருத்துவருக்குச் சொல்லும் செய்தி அது. அவர் மூக்கைத் தொடச் சொல்வார், நேர்க்கோட்டில் நடக்கச் சொல்வார், மூன்று சொற்களைச் சொல்லி ஐந்து நிமிடம் கழித்துக் கேட்பார், இது எப்போது தொடங்கியது என்று விசாரிப்பார். படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு இணையத்தில் ஒவ்வொரு சொல்லாகத் தேடுவதற்கு முன், அவர் எதிரே போய் உட்காருங்கள். எப்போது தொடங்கியது என்ற கேள்விக்கு மட்டும் விடையை முன்னதாகவே எழுதி எடுத்துப் போங்கள்.